மல்லாரிகளில் எது முதலிடம்? கம்பீர நாட்டைப் பிரியர்கள் பட்டியலோடு வரவும்

குடமுருட்டி

தோடிக்கும் காம்போதிக்கும் பட்டியல் போட்டுச் சண்டை பிடித்தாகிவிட்டது. கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரமும் தவிலும் வாசிக்கும் மல்லாரிக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நானே ஆரம்பிக்கிறேன்.

விதிகள் மூன்று. கம்பீர நாட்டை ராகத்தில் இருக்க வேண்டும். கோயில் காரியத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், கச்சேரிக்கென்று புதிதாகக் கட்டியது வேண்டாம். நாகசுரத்தின் இன்னொரு உருப்படியான ரக்தியை இங்கே இழுக்க வேண்டாம். செம்பொன்னார்கோயில் ரக்தி மேளத்துக்கு இதைவிடப் பெரிய சண்டை காத்திருக்கிறது, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

என் வரிசை:

1. திரிபுட தாள மல்லாரி
2. தேர் மல்லாரி
3. பெரிய மல்லாரி
4. தளிகை மல்லாரி
5. தீர்த்த மல்லாரி
6. சின்ன மல்லாரி

காரணம் சுருக்கமாக. பாட்டு வரி இல்லாத உருப்படி இது. சாகித்யம் தாங்கிப் பிடிக்காது, ராகத்திலும் ஐந்தே சுரம். எஞ்சுவது காலப் பிரமாணம் ஒன்றுதான். அதை அதிகமாகச் சோதிப்பது திரிபுடை, அதனால் அது மேலே. சின்ன மல்லாரி எல்லோரும் முதலில் பாடம் பண்ணுவது, அதனால் கீழே.

வலந்தலை

தம்பி, மூணு கேள்வி.

ஒண்ணு, திரிபுடைன்னா எந்த ஜாதி, அதாவது தட்டி விரல் எண்ணற லகுப் பகுதிக்கு எத்தனை எண்ணிக்கை? ஆதி தாளமே சதுஸ்ர ஜாதி திரிபுடைதான். திஸ்ரத்துல ஏழு, கண்டத்துல ஒம்போது, மிஸ்ரத்துல பதினொண்ணு, சங்கீர்ணத்துல பதிமூணு அட்சரம் (தாள எண்ணிக்கை). "திரிபுட தாள மல்லாரி"ன்னு சும்மா எழுதினா எதுக்கு முதலிடம் குடுத்தேன்னே தெரியல.

ரெண்டு, தேர் மல்லாரியும் பெரிய மல்லாரியும் வேற வேறன்னு நீ பிரிச்சிருக்க. பரம்பரைக்குப் பரம்பரை பேர் மாறும். ஒரு ஊர்ல பெரிய மல்லாரின்னு சொல்றத அடுத்த ஊர்ல தேருக்கு வாசிப்பாங்க.

மூணாவது, சின்ன மல்லாரி கடைசியா? அங்கதான் எனக்குக் கோவம். வாசிக்கத் தெரியாதவன் ஒளிஞ்சிக்க இடமே இல்லாத உருப்படி அது. நீளமான மல்லாரியில முதல் ஆவர்த்தனத்துல (தாளத்தோட ஒரு முழுச் சுத்து) சறுக்கினா நாலாவதுல சரிபண்ணிக்கலாம். சின்னதுல அதுக்கு வழி ஏது?

குடமுருட்டி

அண்ணே, நான் சொன்னது திஸ்ர ஜாதி, ஏழு அட்சரம். பெயர்ச் சிக்கலுக்கு ஒரு வழி: இந்த இழையில் எந்த மல்லாரியைச் சொன்னாலும் தாளத்தையும், முதல் காலத்தில் எத்தனை ஆவர்த்தனம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

பாமணியாறு

அந்த வழி சரி. திரிகாலமும் (ஒன்றைவிட ஒன்று இரட்டை வேகமான மூன்று காலங்கள்) திஸ்ரமும் என்று பொதுவாகச் சொல்வதால்தான் பாதிப் பேருக்கு மல்லாரியில் என்ன நடக்கிறது என்று பிடிபடுவதில்லை. கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

முதல் காலத்தில் நாலு ஆவர்த்தனம் வரும் மல்லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஆதி: 32 அட்சரம். இரண்டாம் காலம் 16, மூன்றாம் காலம் 8. எல்லாமே சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து உட்காரும், சிக்கலே கிடையாது.

திஸ்ரம் என்று இங்கே சொல்வது இரண்டு விழுந்த இடத்தில் மூன்று விழுவது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு நேரம். 32 இப்போது 21⅓ ஆகிவிடும். ஒரு தடவை வாசித்தால் சமம் கிடைக்காது. இரண்டு தடவைக்கு 42⅔, அப்போதும் கிடைக்காது. மூன்று தடவைக்கு 64, எட்டு ஆவர்த்தனம், சமம். அதனால்தான் திஸ்ரத்தை மூன்று முறை வாசிக்கிறார்கள். அழகுக்காக என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை.

திஸ்ர ஜாதி திரிபுடை: 28, 14, 7. திஸ்ரம் போட்டால் 18⅔. முதல் முறை முடியும்போது மூன்றாவது ஆவர்த்தனத்தின் ஐந்தாம் அட்சரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியிருக்கும். இரண்டாம் முறை முடிவது 37⅓, ஆறாவது ஆவர்த்தனத்தின் மூன்றாம் அட்சரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கில். மூன்றாவது முறை 56, சமம். நடுவில் இரண்டு தடவையும் தட்டிலோ வீச்சிலோ விரலிலோ சேராமல் அந்தரத்தில் முடிந்து அந்தரத்திலேயே தொடங்க வேண்டும். குடமுருட்டி இதற்கு முதலிடம் கொடுத்தது நியாயம்தான்.

ஆனால் கண்ட ஜாதி திரிபுடையைப் பாருங்கள். 36, 18, 9. திஸ்ரத்தில் 24, முழு எண். முதல் முறை முடிந்ததும் இரண்டாவது எடுப்பு (தொடக்கம்) ஏழாம் அட்சரத்தில், முதல் துருதத்தின் (தட்டும் வீச்சும் சேர்ந்த இரண்டு அட்சரம்) வீச்சில் விழும். மூன்றாவது எடுப்பு நாலாம் அட்சரத்தில், லகுவின் மூன்றாவது விரல் எண்ணிக்கையில். 72-ல் சமம். ஒவ்வொரு எடுப்பும் ஓர் அட்சரத்தின் மேல் சுத்தமாக உட்காருவதால் காது ஏமாறும். வீச்சில் விழுந்ததைத் தட்டு என்று நினைத்துத் தாளக்காரர் கையை மாற்றிவிட்டால் அங்கேயே கவிழ்ந்தது. அந்தரத்தில் முடிவது பயமுறுத்தும், ஆனால் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். ஆபத்து இந்தச் சுத்தமான பொய்ச் சமத்தில்தான்.

என் முதலிடம் கண்ட திரிபுடை.

வலந்தலை

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஒண்ணு சேத்துக்கிறேன். திஸ்ரம்னு சில பேர் அட்சரத்துக்கு மூணு போடுவாங்க, நாலு விழுந்த எடத்துல மூணு. அது வேகம் குறையற திஸ்ரம். ஆதியில 32 அப்ப 42⅔ ஆகும், மூணு தடவைக்கு 128, பதினாறு ஆவர்த்தனம். வீதியில அத வாசிச்சா சாமி வாசல தாண்டாது. நாயனக்காரரும் (நாகசுரம் வாசிக்கறவர்) தவில்காரரும் எந்தத் திஸ்ரம்னு முன்னாடியே பேசிக்கலேன்னா முதல் ரெண்டு அட்சரத்துலயே ஆளுக்கொரு திசையில போவாங்க. புது ஜோடி சேர்ற எடத்துல நடக்கற தப்பு இதுதான்.

தெற்குவீதி

கணக்கு அழகாக இருக்கிறது. பல்லக்குக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு 37⅓ கேட்குமா?

இது பரீட்சை இல்லை, புறப்பாடு. மல்லாரி எதற்கு? சுவாமி கிளம்பிவிட்டார் என்று நாலு தெருவுக்கும் சொல்வதற்கு. அடுப்படியில் இருக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். அதைச் செய்வது ஆதி தாளத்தில் சின்ன மல்லாரி. என் பட்டியலில் அது ஒன்று. மற்றதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெட்டாறு

தாளத்திலேயே நின்றுவிட்டீர்கள். ராகத்துக்கு வருவோம். தரவரிசையில் பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது.

கம்பீர நாட்டை: ஸ க ம ப நி ஸ, ஸ நி ப ம க ஸ. அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், காகலி நிஷாதம். முப்பத்தாறாவது மேளமான சலநாட்டையின் ஜன்யம். இறங்கும்போது நிஷாதம் கொஞ்சம் தளர்ந்து கைசிகியாக விழுந்தால் நேராகத் திலங்குக்குள் போய்விடும். இரண்டுக்கும் மற்ற சுரங்கள் எல்லாம் ஒன்றே. நடந்துகொண்டே வாசிக்கும்போது மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் மேல் ஸ்தாயி நிஷாதம்தான் முதலில் இறங்கும். மூன்றாம் காலத்தில் இது இன்னும் மோசம், விரலடி வேகமாக ஓடும், உதடு கூடவே ஓடாது.

அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று: மூன்றாம் காலத்தில் "ஸ நி ப" இறக்கம் சுத்தமாக இருக்கிறதா? அந்த இறக்கம் நிறைய உள்ள மல்லாரிகள் மேலே. பிடி பிடியாக ஸ க ம என்று கீழேயே சுற்றும் தளிகை வகைகள் எனக்குக் கீழே.

குடமுருட்டி

வெட்டாறு, அப்படியானால் ஒன்று கேட்கிறேன். மல்லாரிக்கு முன்னால் வரும் ஆலாபனையில் சிலர் ம ரி ஸ என்று இறங்குகிறார்களே, ஷட்சுருதி ரிஷபம் தொட்டு. அது நாட்டை. அதைத் தப்பு என்பீர்களா?

வெட்டாறு

ஆலாபனையில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் விட்டுவிடலாம். மல்லாரி எடுத்த பிறகு வந்தால் தப்பு. மல்லாரியின் சொற்கட்டு அந்த ஐந்து சுரத்துக்குள் அளந்து கட்டியது. ரிஷபம் நுழைந்தால் அட்சரம் கூடாது, ஆனால் பிடியின் கனம் போய்விடும். காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு ஒரே தாவலில் இறங்குவதில்தான் அந்த மிடுக்கு இருக்கிறது.

தில்லைவாசல்

எந்த நாயனத்தில் கேட்டது என்று யாருமே சொல்லவில்லையே! அதைச் சொல்லாமல் சுத்த மத்யமத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

திமிரி நாயனம் குட்டை, சுருதி மேலே, நாலு கட்டையும் அதற்கு மேலும். பாரி நீளம், இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை. பழைய திமிரியில் துளையைத் திறந்தால் சுத்த மத்யமம் தானாகப் பேசாது, காற்றை அடக்கி உதட்டால் கொண்டுவர வேண்டும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கேட்டு, பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரியில்தான் அந்த மத்யமம் தானாகவே நின்றது. அதற்காகத்தான் அந்த ஊரே இன்றைக்கும் பேசப்படுகிறது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. ஆச்சா மரம், அதுவும் பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்து நன்றாகக் காய்ந்தது என்றால்தான் பட்டறையில் தொடுவார்கள். பச்சை மரத்தில் கடைந்தால் பின்னால் வெடிக்கும், அல்லது உள்துளை வளைந்து சுருதி ஓடும்.

இதற்கும் தரவரிசைக்கும் என்ன என்கிறீர்களா? கம்பீர நாட்டையின் முதுகெலும்பே க ம ப. பாரியில் மத்யமம் சும்மா கிடைப்பதால் நீளமான மல்லாரி, சௌக்கமான முதல் காலம் எல்லாம் சுகமாக இருக்கும். திமிரியில் அதே மத்யமத்தை நாலு ஆவர்த்தனம் பிடித்து நிறுத்துவது சிரமம், ஆனால் சின்ன மல்லாரி வெடிக்கும், தெருமுனை வரை கேட்கும். தெற்குவீதி சொல்லும் சின்ன மல்லாரி திமிரியின் காது, குடமுருட்டி சொல்லும் திரிபுடை பாரியின் காது. ஒரே பட்டியலில் வைத்துச் சண்டை போட்டால் முடியாது.

தெற்குவீதி

இது பரவாயில்லை. ஒத்துக்கொள்கிறேன், முதலிடத்தைத் தவிர.

பாமணியாறு

தில்லைவாசல் சொன்னதோடு, வாயில் வைத்து ஊதும் சீவாளியையும் சேர்க்க வேண்டும். அதே நாயனம், அதே ஆள், சீவாளி மாறினால் மல்லாரி மாறிவிடும். ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது. ரொம்ப நனைந்தால் வாய் மூடிக்கொண்டு சுரம் கீழே இறங்கும். காய்ந்தால் பிளிறும். புதுச் சீவாளி முரட்டுத்தனமாக இருக்கும், முதல் காலத்தின் நீண்ட சுரங்களுக்கு நல்லது, மூன்றாம் காலத்தில் துத்துகாரம் (நாக்கால் சுரத்தை வெட்டி ஊதுவது) ஒட்டாது. பழகிய சீவாளி வேகத்துக்கு நல்லது, ஆனால் உரக்க ஊதினால் அமுங்கிவிடும். நாயனத்தில் நாலைந்து சீவாளி தொங்குவது இதற்காகத்தான். ஆலாபனைக்கும் மல்லாரிக்கும் நடுவில், தவில் உருளும் அந்தச் சின்ன இடைவெளியில் மாற்றிக்கொள்கிறவர்களைக் கவனியுங்கள், விஷயம் தெரிந்தவர்கள்.

இன்னொன்று. மார்கழி விடியலில் குளிருக்கு நாயனத்தின் சுருதி இறங்கும், சுருதிப் பெட்டி இறங்காது. சீவாளி செருகும் உலோகக் குழாயான கெண்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் ஏறும். வாசித்து வாசித்து மரம் சூடேறியதும் மறுபடி வெளியே இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் உதட்டாலேயே சமாளிக்கிறவர்களுக்குத்தான் வெட்டாறு சொன்ன நிஷாதக் கோளாறு வருகிறது.

வலந்தலை

நாயனத்துக்குக் குளிர்னா எங்களுக்கு மழை. ஐப்பசியில மாயவரம் கடைமுகம் சமயத்துல ஈரக்காத்து அடிச்சா தவிலோட வலது பக்கமான வலந்தலை தோல் இறங்கிடும். வார் போட்ட காலத்துல நெருப்பு காட்டணும். இப்ப இரும்பு வளையம், நட்டு. ஸ்பானர் இருந்தா போதும். ஆனா ஒரு பக்கமாவே முறுக்கக் கூடாது, எதிரெதிர் நட்டா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரே பக்கம் இழுத்தா தோல் கோணிக்கும், ஓரம் ஒரு சத்தம், நடு ஒரு சத்தம். தோல் இறங்கின தவில்ல மூணாங்காலச் சொல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கூடு போட்ட விரலு எவ்வளவு வேகமா விழுந்தாலும் தெளிவு வராது. அன்னிக்கு ரெண்டு காலத்தோட முடிச்சிட்டுத் தீர்மானம் (முடிப்புச் சொல்) வைக்கிறதுதான் மரியாதை.

அதோட தவிலோட இடது பக்கமான தொப்பியை மறந்துட்டுப் பேசறீங்க எல்லாரும். பூவரசங் கழி தொப்பியில விழற எடம்தான் சீர்பாதம் தாங்கறவங்களுக்குக் கால் எடுத்து வைக்கிற கணக்கு. திரிபுடை ஏழுல அடி வலது இடதா மாறி மாறிச் சமத்துக்கு வரும், பல்லக்கு ஆடறது வேற மாதிரி இருக்கும். ஆதியில எப்பவும் ஒரே கால். ரெண்டுல எது உசத்தின்னு கேட்டா, தோள் கொடுக்கறவங்கள கேளுங்க.

தெற்குவீதி

அண்ணே இப்போதுதான் மல்லாரியைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

குடமுருட்டி

தளிகையும் தீர்த்தமும் பாவம், யாரும் தொடவில்லை. அவற்றுக்கு ஆதரவாக யாராவது?

பாமணியாறு

நான். தளிகை மல்லாரியை மற்றவற்றோடு நீளத்தில் ஒப்பிடுவதே தவறு. மடைப்பள்ளியிலிருந்து சன்னதிக்கு நைவேத்தியம் போகிற நேரம்தான் அதன் நேரம். ஓர் அட்சரம் ஒரு நொடி என்று வைத்தால், திஸ்ர திரிபுடையில் மூன்று காலமும் திஸ்ரம் மூன்று முறையும் சேர்த்து 28, 14, 7, 56, மொத்தம் 105 நொடி. கண்ட திரிபுடையில் 135. ஒவ்வொரு காலத்தையும் இருமுறை வாசித்தால் இன்னும் கூடும். அதற்குள் தளிகை உள்ளே போய்விடும் கோயில்கள்தான் அதிகம். தட்டு சன்னதி வாசல் தாண்டும்போது அறுதி (முடிப்பு) விழ வேண்டும். அதனால் எந்த ஆவர்த்தனத்திலும் வெட்டி முடிக்கும்படி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முழுத் திரிகாலம் பண்ணிக் காட்டுகிறேன் என்று வெளியே நின்று வாசித்துக்கொண்டிருந்தால் உள்ளே திரை போட்டிருப்பார்கள்.

தீர்த்த மல்லாரியும் அப்படியே, அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வருகிற தூரத்தைப் பொறுத்தது. குடம் தூக்கியவர் நடை நிதானமாக இருக்கும், தண்ணீர் தளும்பக் கூடாதே. முதல் காலத்தை அவசரப்படுத்தாமல் வைப்பதுதான் அதில் வித்தை. இரண்டையும் மூன்றாவது, நாலாவது இடத்துக்கு ஏற்றலாம்.

தில்லைவாசல்

தேர் மல்லாரிக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. முடிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. வடம் இறுகி, முட்டுக்கட்டை எடுத்து, சக்கரம் அசைகிற நொடி வாசிக்கிறவர் கையில் இல்லை. அசைந்த பிறகும் நிற்கும், கோணும், முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். நீளம் குறிக்காமல் முதல் காலத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, தேர் அசைந்ததும் இரண்டாம் காலத்துக்கு ஏறுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். மூன்றாம் காலத்தை முன்னாலேயே செலவழித்துவிட்டால் தேர் நகரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

வெட்டாறு

பரதநாட்டிய மேடையில் முதல் உருப்படியாக வரும் மல்லாரிகள் பட்டியலில் உண்டா?

வலந்தலை

கிடையாது. முன்னாடி தவில் அலாரிப்பு (தொடக்கத்துல தவில் மட்டும் உருட்டறது) இல்ல, நாயன ஆலாபனை இல்ல, நேரா மல்லாரி. அது ஆட்டத்துக்கு நல்லா இருக்கு, குறை சொல்லல. ஆனா அலாரிப்பு உருட்டி, நாயனம் கம்பீர நாட்டையில மேல ஷட்ஜத்துல நின்னு இறங்கி, ஒரு நொடி எல்லாம் அடங்கி, அப்புறம் எடுப்பு விழணும். அந்த வரிசை இல்லேன்னா பாதிதான்.

குடமுருட்டி

பதிவுகளை வைத்து ஓட்டெடுப்பு நடத்தலாமா? ஆளுக்கு ஒரு இணைப்பு போடுங்கள்.

வலந்தலை

செல்போன்ல எடுத்தத வச்சு வேணாம். நாயனத்தோட விரிஞ்ச வாயான அணசுக்கு நேரா நீட்டிப் பிடிச்சிருப்பாங்க. சத்தம் தாங்காம போன் தானே குறைச்சிக்கும், நாயனம் மட்டும் தட்டையா கேக்கும், தொப்பி சுத்தமா போயிடும். தொப்பி இல்லாத பதிவுல எல்லா மல்லாரியும் ஒரே மாதிரிதான் இருக்கும், அப்புறம் எத வச்சு ஓட்டு? எடுத்தே ஆகணும்னா பத்துப் பதினஞ்சு அடி தள்ளி, பக்கவாட்டுல, தவில்காரரோட தொப்பிப் பக்கமா நில்லுங்க. இரைச்சல் குறைக்கிற வசதி இருந்தா அணைச்சிடுங்க, அது தாளச் சத்தத்தையே இரைச்சல்னு நெனச்சி அழிச்சிடும். கேக்கறப்ப ஹெட்போன் போடுங்க, போன் ஸ்பீக்கர்ல தொப்பி வராது.

பாமணியாறு

எடுக்கிறவர்கள் அலாரிப்பிலிருந்து எடுங்கள், நடுவில் ஆரம்பிக்காதீர்கள். முதல் கால நடை தெரியாமல் திஸ்ரத்தை மட்டும் கேட்டால் அது திஸ்ரமா, வேகமாக வாசித்த இரண்டாம் காலமா என்று சொல்லவே முடியாது.

குடமுருட்டி

சரி, திருத்திய வரிசை. இரண்டாகப் பிரிக்கிறேன்.

வீதிக்கு: ஆதி சின்ன மல்லாரி, தேர் மல்லாரி, திஸ்ர திரிபுடை.
பிராகாரத்துக்குள்ளே: கண்ட திரிபுடை, தளிகை, தீர்த்தம். பெரிய மல்லாரியை எந்தப் பக்கம் போடுவது என்று அவரவர் ஊர் வழக்கப்படி எழுதுங்கள்.

வெட்டாறு

கண்ட திரிபுடையை உள்ளே போட்டுவிட்டு ஏழு அட்சரத் திரிபுடையை வெளியே விட்டிருக்கிறீர்களே, எந்த நியாயத்தில்?

பாமணியாறு

வெளியே கூட்டமும் வெடியுமாக இருக்கும்போது தாளக்காரர் கை தெரியாது. ஒன்பதின் பொய்ச் சமத்தைக் கண்ணால் பார்த்துத்தான் தப்பிக்க முடியும். உள்ளே பிராகாரத்தில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவு சரிதான்.

தெற்குவீதி

வீதிப் பட்டியலில் சின்ன மல்லாரி முதலில் வந்துவிட்டது. உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

வலந்தலை

பெரிய மல்லாரி எங்க ஊர்ப் பக்கம் கொடிமரத்துலேர்ந்து கோபுர வாசல் வரைக்கும். அதனால உள்ளே. அடுத்த ஆள் சொல்லுங்க.